ஓகே சொன்னவன்

ராஜபாளையத்தில் ஒருவன் பிறந்தால் ஃப்ளெக்ஸ் வைப்பார்கள், காது குத்தினால் வைப்பார்கள், கல்யாணத்துக்கு வைப்பார்கள், செத்தால் 'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டு அதற்கும் வைப்பார்கள். இடையில் புது புல்லட் வாங்கியவனுக்கும் வட்டிக்கடை திறந்தவனுக்கும் உண்டு. முக்குத் திரும்புகிறவனுக்கு எதிரே வருகிற பஸ் தெரியாது. கைகூப்பிக்கொண்டு சிரிக்கிற நாலு பேர் மட்டும் தெரிவார்கள். இந்தக் கூத்தைப் பழிக்க நூர்னிசாவுக்கு வாய் கிடையாது. அவள் வீட்டு அடுப்பு எரிந்ததே அதில்தான்.

தென்காசி ரோட்டில் இருந்த 'நூர் டிஜிட்டல்' அவளுடைய கடை. கம்ப்யூட்டரில் படத்தை வெட்டி ஒட்டுவது அவள். மெஷினில் அடித்து, சவுக்குக் கம்பில் சட்டம் கட்டி, ஏணி போட்டு ஏறி நிறுத்துவது புருஷன் நஸ்ருதீன். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். இத்தனை வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் அவர் குரல் உயர்த்தி நூர்னிசா கேட்டதில்லை. அவருக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள்.

அந்த மே மாதம் வடக்கே எல்லையில் சண்டை மூண்டது. நடந்தது எங்கோ பஞ்சாப், காஷ்மீர்ப் பக்கம். ஆனால் ராஜபாளையத்தில் டீக்கடைக்கு ஒரு தளபதி இருந்தார். எந்த ஊரில் குண்டு போடவேண்டும், எந்தப் பாலத்தை உடைக்கவேண்டும் என்று வடையைப் பிய்த்துக்கொண்டே உத்தரவு போட்டார்கள். நிஜமாகவே பட்டாளத்தில் இருந்த பையன்கள் மட்டும் ஒன்றும் பேசவில்லை. லீவில் வந்தவர்களை எல்லாம் திரும்பக் கூப்பிட்டாகிவிட்டது. அவர்கள் டிக்கெட் கிடைக்குமா என்று அலைந்துகொண்டிருந்தார்கள்.

அப்படி ஒருவன்தான் தேவதானத்துப் பாண்டிச்செல்வம். லீவில் வந்து சுந்தரபாண்டியத்து மாரிக்கனியை நிச்சயம் செய்திருந்தான். ஆவணியில் கல்யாணம். நிச்சயத்தட்டில் வைத்த பழம் வாடுவதற்குள் உத்தரவு வந்துவிட்டது. அவனை ஒரு நாள் காலையில் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தவன் சிவபாண்டி. தேவதானம் நண்பர்கள் குழுவுக்கு அவன்தான் தலைவர். அந்தக் குழுவுக்கு ஃப்ளெக்ஸ் வைப்பதைத் தவிர வேறு வேலை இருந்ததாக நூர்னிசாவுக்குத் தெரியாது.

"அக்கா, இருபதுக்குப் பத்து. ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல வைக்கப் போறோம். பாக்கிறவன் சும்மா அதிரணும்" என்றான் சிவபாண்டி. "பின்னால டாங்கு, மேல ப்ளேனு, சுத்தி நெருப்பு. நடுவுல அண்ணன். கையில பெரிய மிஷின் கன்னு. 'எல்லைக்குப் புறப்படும் எங்கள் சிங்கமே'ன்னு எழுத்து தீப்பிடிச்சு எரியணும்."

சிங்கம் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. நூர்னிசா நெட்டில் தேடி, கறுப்பு உடுப்பில் கட்டுமஸ்தாய் நின்ற ஒரு வீரனைப் பிடித்தாள். அவன் தலையை எடுத்துவிட்டுப் பாண்டிச்செல்வத்தின் பாஸ்போர்ட் போட்டோத் தலையை வைத்தாள். கழுத்துக்கு மேலே தேவதானம், கழுத்துக்குக் கீழே எந்தத் தேசத்துக்காரனோ. "மெர்சல்க்கா!" என்று கத்தினான் சிவபாண்டி. அப்போது அவனுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனான்.

அவன் தலை மறைந்ததும் பாண்டிச்செல்வம் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டான். "அக்கா, அந்தத் துப்பாக்கிய கொஞ்சம் சின்னதா வச்சிருங்களேன்."

"ஏன் தம்பி? துப்பாக்கி இல்லாத பட்டாளத்தானா?"

"நான் லங்கர்ல இருக்கேன்க்கா."

"லங்கர்னா?"

"சமையக்கட்டு." குரல் இறங்கியது. "பட்டாளத்துக்குச் சோறாக்குதவன் நான். யூனிபார்ம் உண்டு, சுடவும் பழக்கியிருக்காவ, சண்டை நடக்குற எடத்துக்கும் அண்டா குண்டானோட நாங்களும் போவோம். ஆனா எங்கய்யா ஊர்ல கமாண்டோன்னு சொல்லி வச்சிட்டாரு. பொண்ணு வீட்டுலயும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருக்காவ. கல்யாணத்துக்குப் பொறவு மெதுவா சொல்லிக்கிடலாம்னு இருக்கேன்."

நூர்னிசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "சோறு போடுதவன் இல்லாம எவன் சண்டை போடுவான்? இதுல வெக்கப்பட என்ன இருக்கு?" என்றாள்.

"ஊருக்கு அது தெரியணும்லக்கா. யார்ட்டயும் சொல்லிராதிய."

"நான் ஏன் சொல்லப் போறேன்?"

துப்பாக்கியைக் கொஞ்சம் சின்னதாக்கினாள். பிறகு திரையை அவன் பக்கம் திருப்பினாள். கடையில் அவள் வைத்திருந்த ஒரே சட்டம் இது: ஆர்டர் கொடுக்க வந்தவர்களில் ஒருவராவது பார்த்து 'ஓகே' என்று சொல்லாமல் எதுவும் மெஷினுக்குப் போகாது. மாப்பிள்ளை பெயருக்கு எதிரே மாமனார் படத்தை ஒட்டி ஒருமுறை அவள் பட்டது போதும்.

"தம்பி, எனக்கு ப்ளேனும் தெரியாது, டாங்கும் தெரியாது. எல்லாம் நெட்ல எடுத்தது. நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நீங்க ஓகே சொன்னாத்தான் அடிப்பேன்."

பாண்டிச்செல்வம் திரைக்குப் பக்கத்தில் குனிந்தான். விமானத்தைப் பார்த்தான், டாங்கியைப் பார்த்தான். அவன் அண்டாவில் பருப்பு வெந்துவிட்டதா என்று வாசனையிலேயே சொல்லக்கூடியவன். விமானத்தை ஆகாயத்தில் பொட்டாகப் பார்த்ததோடு சரி. ஆனால் சமையல்காரன் என்று இப்போதுதான் ஒரு பொம்பளையிடம் சொல்லியிருந்தான். இதையாவது தெரிந்தவன் மாதிரி இருக்கவேண்டாமா? புருவத்தைச் சுருக்கி, தலையை ஆட்டி, "கரெக்டா இருக்கு. ஓகேக்கா, அடிங்க" என்றான்.

ஃப்ளெக்ஸ் தொழிலில் ஒரு பொல்லாத சங்கதி உண்டு. திரையில் கடுகளவு இருப்பது துணியில் பூசணிக்காய் அளவுக்கு வந்து நிற்கும். அந்த விமானத்தின் வாலில் திரையில் பச்சையாய் ஒரு புள்ளி இருந்தது. இருபதடியில் அது விரித்த உள்ளங்கை அளவுக்கு வந்தது. பச்சை நிறம், வெள்ளைப் பிறை, நட்சத்திரம். மெஷினிலிருந்து சுருட்டி எடுத்த நஸ்ருதீனும் பார்க்கவில்லை, விடியற்காலையில் ஸ்டேஷன் வாசலில் அவர் கட்டும்போது மாலை போட வந்த சிவபாண்டியும் பார்க்கவில்லை. எல்லாரும் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

பார்த்தவன் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன் வைகுந்த். காலேஜில் படிக்கிறவன், விமானப் பைத்தியம். மத்தியானம் ரயிலை விட்டு இறங்கியவன் ஃப்ளெக்ஸைப் போட்டோ பிடித்து, வாலைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு, 'இது நம்ம ப்ளேன் இல்லையே, அவங்க ப்ளேன் ஆச்சே' என்று சிரிக்கிற பொம்மையோடு நண்பர்களுக்கு அனுப்பினான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அரைமணி கழித்துப் பயந்துபோய் அழித்தும் விட்டான். அதற்குள் அது ஊரெல்லாம் சுற்றியிருந்தது. சிரிக்கிற பொம்மை எங்கோ உதிர்ந்துபோய், அந்த இடத்தில் 'துரோகிகள்' என்று ஒரு வார்த்தை சேர்ந்திருந்தது.

ஃப்ளெக்ஸின் அடியில் 'வடிவமைப்பு: நூர் டிஜிட்டல்' என்று போட்டுப் போன் நம்பரும் கொடுப்பது வழக்கம். அதைப் பார்த்து ஆர்டர் வரும். அன்றைக்கு வந்தது வேறு. முதல் அழைப்பில் ஒருவன் அவள் அம்மாவைத் திட்டினான். இரண்டாவது ஆள் கடை எங்கே இருக்கிறது என்று மரியாதையாகக் கேட்டான். அந்த மரியாதைதான் அவளை நடுங்க வைத்தது.

பக்கத்து டீக்கடை மாரியாத்தாள் தன் போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "ஏட்டி நூரு, இது என்னடி? இங்க பாரு!"

நூர்னிசா அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தாள். பிறை. அவள் கடைப் பலகையிலும் '786'க்குப் பக்கத்தில் ஒரு பிறை இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எவனோ ஒரு படம் செய்திருந்தான். வெட்டி ஒட்டத் தெரிந்தவன், வேலை சுத்தமாக இருந்தது.

"நெட்ல கெடந்த படம் மைனி. சத்தியமாத் தெரியாது."

"எனக்குத் தெரியும்டி. அவனுகளுக்கு யாரு சொல்ல? மொதல்ல ஷட்டரை இறக்கு. ஒன் மகள என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அண்ணன் எங்க?"

நஸ்ருதீன் ஸ்டேஷனில் இருந்தார். விஷயம் காதில் விழுந்ததும், யாருக்கும் சங்கடம் வேண்டாம், சாயங்காலப் பொதிகை எக்ஸ்பிரஸுக்குக் கூட்டம் கூடுவதற்குள் ஃப்ளெக்ஸைக் கழற்றிவிடுகிறேன் என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். அவளிடம் நடந்தது இன்னதென்றுகூடச் சொல்லவில்லை. ஒரு கட்டு அவிழ்ந்திருக்கிறது, சரி பண்ணிவிட்டு வாரேன் என்று மட்டும் சொன்னார். நூர்னிசா போன் போட்டாள். எடுக்கவில்லை. திரும்பப் போட்டாள். வேறு ஒரு குரல் எடுத்தது.

"ஒன் புருஷன் மேலதான் உக்காந்திருக்கான். வந்து பாரு."

மாரியாத்தாள் போலீசுக்குப் போன் பேசினாள். இந்தா வாரோம் என்றார்கள். நூர்னிசா காத்திருக்கவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் ஒரே ஒரு ஓதல்தான் வாயில் வந்தது. அதுவும் பாதியில் மறந்து மறந்து முதலிலிருந்து தொடங்கியது.

ஸ்டேஷன் வாசலில் நூறு பேருக்குக் குறையாது. வழியனுப்ப வந்தவர்கள் பாதி, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பாதி. மேளக்காரர்கள் ஓரமாக நின்று தவுலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்கு மேலே இருபதடி ஃப்ளெக்ஸ் காற்றில் படபடத்தது. அதன் உச்சியில், சவுக்குச் சட்டத்தின் மேல் கம்பில், நஸ்ருதீன் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே ஏணி இல்லை. எடுத்துவிட்டார்கள்.

"என்னங்க!" என்று கத்தினாள்.

அவர் குனிந்து பார்த்தார். "நீ ஏன் வந்தே? வீட்டுக்குப் போ நூரு" என்றார்.

"இந்தா, வந்துட்டா" என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. அவள் உள்ளே போனதும் பின்னால் மூடிக்கொண்டது.

முன்னால் நின்றவன் சிவபாண்டி. அவன் முகம் சிவந்துபோயிருந்தது. ப்ளேன் வேண்டும், நெருப்பு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவனே அவன்தான். ஊர் இப்போது அவனையும் சேர்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தது. தன் மேல் விழுந்த சேற்றை அடுத்தவன் வேட்டியில் துடைக்கிற அவசரம் அவனுக்கு.

"எங்க அண்ணன் உயிரைக் குடுக்கப் போறாரு. அவரு தலைக்கு மேல எதிரி ப்ளேனப் பறக்க விட்டிருக்கே. எம்புட்டு நெஞ்சழுத்தம்!" என்றான். முந்தாநாள் வரைக்கும் அக்கா. இன்றைக்கு நீ.

"தெரியாம நடந்து போச்சு தம்பி. அவரை எறங்க விடுங்க. நாங்களே கழட்டி எறிஞ்சிட்டுப் போயிருதோம்."

"கழட்டுனா சரியாப் போச்சா? அண்ணன் வரட்டும். அவரு கண்ணால பாக்கட்டும்."

"ஏலே, ஜே போடச் சொல்லுங்கலே அவன" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"போட்டுட்டான்டா. சத்தமே வரல. இன்னொரு தடவ போடச் சொல்லு."

"பாரத் மாதா கீ ஜே" என்றார் நஸ்ருதீன் மேலேயிருந்து. பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்துக்கு அவர் போட்ட கோஷம்தான். வருஷாவருஷம் தேசியக் கொடி ஃப்ளெக்ஸ் அடித்து, காசு வாங்காமல் கட்டிக்கொடுக்கிறவர்தான். அதே வார்த்தை இப்போது பிச்சை மாதிரி வந்தது. நூர்னிசாவுக்கு அழுகை வரவில்லை. அவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். பாதிப் பேருக்கு அவள் காதுகுத்து ஃப்ளெக்ஸ் அடித்திருக்கிறாள். அவர்கள் வீட்டுக் குழந்தைகளின் பெயர்கூட அவளுக்குத் தெரியும்.

ஒருவன் சவுக்குக் கம்பைப் பிடித்து ஆட்டினான். விளையாட்டுக்குத்தான் ஆட்டினான் போல. சட்டம் கிறீச்சிட்டது. நஸ்ருதீன் மேல் கம்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். கீழே தார் ரோடு.

"ஆட்டாதிய! உங்களைக் கும்பிடுதேன், ஆட்டாதிய!"

"அப்போ சொல்லு" என்றான் சிவபாண்டி. "டிசைனைப் பாத்து ஓகே சொன்னது யாரு? நான் போன் பேச வெளிய போயிட்டேன். நான் சொல்லல. எல்லாரும் என்னையக் கேக்கானுவ. யாரு சொன்னா?"

அந்தக் கேள்விக்குப் பதில் அவள் நாக்கின் நுனியில் இருந்தது. கூட்டத்தின் ஓரத்தில், ஒரு காருக்குப் பக்கத்தில், மாரிக்கனி கையில் ரோஜாமாலையோடு நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அப்பா, வெள்ளை வேட்டி சட்டையில். சுந்தரபாண்டியத்திலிருந்து கமாண்டோ மாப்பிள்ளையை வழியனுப்ப வந்தவர்கள். பாண்டிச்செல்வம்தான் ஓகே சொன்னான் என்று சொன்னால், பட்டாளத்தானுக்கு ப்ளேன் தெரியாதா என்று கேட்பார்கள். ஏன் தெரியாது என்று அவள் விளக்க வேண்டும். விளக்கினால் அந்தப் பையனின் தலை இங்கேயே உருளும். விளக்கினாலும் நம்பப் போவது யார்? சண்டைக்குப் போகிறவன் மேலேயே பழி போடுகிறாள் என்று இன்னும் நாலு கை கம்பைப் பிடித்து ஆட்டும். கொடுத்த வாக்குக்காகச் சொல்லவில்லையா, பயத்தால் சொல்லவில்லையா என்று கேட்டால் அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

"நான்தான்" என்றாள். "நான்தான் பாத்து அடிச்சேன். தெரியாமப் பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க."

ஊர்க்காதுக்கு ஒரு குணம் உண்டு. வேண்டியது உள்ளே போனதும் கதவைச் சாத்திக்கொள்ளும். 'பாத்து அடிச்சேன்' என்பது மட்டும் உள்ளே போனது. "ஒத்துக்கிட்டா பாருங்கடா!" என்று ஒரு கூச்சல் எழுந்தது. யாரோ வீடியோ எடுத்தார்கள். யாரோ அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள்; திரும்புவதற்குள் விட்டுவிட்டார்கள். இரக்கப்பட்டுத் தானாகப் போய்ப் பொறியில் தலையைக் கொடுத்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த நேரம் பார்த்து வேன் வந்தது. தேவதானத்து ஆட்கள் இறங்கினார்கள். தவுல் முழங்கியது. பாண்டிச்செல்வத்தை நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டார்கள். இஸ்திரி போட்ட யூனிபார்ம், நெற்றியில் விபூதி, கழுத்து நிறைய மாலை. அவன் தோளில் இருந்தபடியே ஃப்ளெக்ஸைப் பார்த்தான், உச்சியில் இருந்தவரைப் பார்த்தான், கீழே நின்ற நூர்னிசாவைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

"எறக்குங்கடா" என்றான்.

சிவபாண்டி மூச்சுவிடாமல் சொன்னான். சிவப்பு வட்டத்தைக் காட்டினான், பிறையைக் காட்டினான். "அவளே ஒத்துக்கிட்டாண்ணே, பாத்துத்தான் அடிச்சாளாம்."

பாண்டிச்செல்வம் அவளை ஏறிட்டான். தன்னைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை என்பது அவனுக்குப் புரிந்தது. புரிந்ததும் அவன் கண் தரையைப் பார்த்தது.

"சரி, விடுங்கப்பா. தெரியாம நடந்திருக்கும்" என்றான் மெதுவாக.

"உங்களுக்குப் பெரிய மனசுண்ணே. நீங்க மட்டும் மொதல்லயே பாத்திருந்தா விட்டிருப்பியளா?"

ஸ்டேஷனில் மணி அடித்தது. பொதிகை சங்கரன்கோவிலைத் தாண்டிவிட்டது, சீக்கிரம், சீக்கிரம் என்றார்கள். மாரிக்கனியின் அப்பா வந்து அவன் தோளில் கைபோட்டார். "வாங்க மாப்ள, இதெல்லாம் போலீஸ் பாத்துக்கிடும்." கூட்டம் அவனைப் பிளாட்பாரப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. அவனும் போனான். நிஜமாகவே போனான். நூர்னிசா அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்த முதுகைக் கண்ணாலேயே எரித்திருப்பாள். கம்பை ஆட்டினவனைவிட அவன்தான் அப்போது அவளுக்குப் பெரிய எதிரியாகத் தெரிந்தான். அண்ணன் போய்விட்டால் அடுத்து இங்கே இருக்கப்போவது அவளும், அவள் புருஷனும், ஏணி தராத இந்த ஆட்களும்தான்.

"தம்பி!" என்று கத்தினாள்.

அவன் நின்றான். திரும்பவில்லை.

'நீதானடா ஓகே சொன்னே' என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. ஏன் திரும்பிப் போனது என்று அவளுக்குத் தெரியாது. "ஏணிய மட்டும் வைக்கச் சொல்லிட்டுப் போங்க தம்பி. அவருக்குக் கை விட்டுப் போகுது" என்றாள்.

பாண்டிச்செல்வம் திரும்பி மேலே பார்த்தான். நஸ்ருதீன் கம்பைக் கட்டிக்கொண்டு கன்னத்தை அதன்மேல் வைத்திருந்தார். அவருடைய முழங்கால்கள் நடுங்குவது கீழேயே தெரிந்தது. சட்டம் முழுக்க அந்த நடுக்கத்தில் ஆடியது. அந்த ஆட்டத்தில், மிஷின் கன் பிடித்த கமாண்டோவின் முகமும் சேர்ந்து ஆடியது.

"ஏணி எங்கலே?" என்றான்.

யாரும் அசையவில்லை.

"ஏணி எங்கன்னு கேட்டேன்."

"என்னண்ணே, இவங்களுக்குப் போயி..."

"நான்தான்லே ஓகே சொன்னேன்."

தவுல்காரர் கை பாதியில் நின்றது. சிவபாண்டி சிரிக்கப் பார்த்தான். "விளையாடாதியண்ணே. உங்களுக்கு ப்ளேன் தெரியாதாக்கும்?"

"தெரியாது." அவன் மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். "அந்தக்கா நல்லாப் பாத்துச் சொல்லுன்னு கேட்டாவ. நான் தெரிஞ்ச மாதிரி தலைய ஆட்டுனேன். நான் கமாண்டோ இல்லலே. லங்கர்ல சோறாக்குதேன். சப்பாத்தி போடுதேன், பருப்பு கடையுதேன். என் கையில குடுத்திருக்கது கரண்டி. அவங்க ப்ளேன் எது, நம்ம ப்ளேன் எதுன்னு உனக்கு எம்புட்டுத் தெரியுமோ அம்புட்டுத்தான் எனக்கும் தெரியும்."

யாரோ ஒருவன் 'க்ளுக்'கென்று சிரித்தான். அது அப்படியே பரவியது. மாரிக்கனியின் அப்பா அவன் தோளில் வைத்திருந்த கையை எடுத்தார். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியில் துடைத்தார். மாரிக்கனி மாலையைப் பிடித்தபடியே அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சிரித்தாளா, அழுதாளா என்று கவனிக்க நூர்னிசாவுக்கு நேரமில்லை. கம்பை ஆட்டினவன் மதிலுக்குப் பின்னாலிருந்து ஏணியை இழுத்துக்கொண்டு வந்தான்.

பாண்டிச்செல்வமே அதை வாங்கிச் சாத்தினான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எறங்குங்கண்ணே, நான் பிடிச்சிருக்கேன்" என்றான். நஸ்ருதீன் கால் வைத்துக் கால் வைத்து இறங்கினார். கடைசிப் படியில் கால் மடங்கி அவன் மேலேயே சாய்ந்தார். அவருடைய வேர்வை அந்த இஸ்திரி மடிப்பெல்லாம் நனைத்துவிட்டது.

ரயில் வந்துவிட்டது. சிங்கத்தைத் தோளில் தூக்கி வந்தவர்கள் சிங்கத்தின் ட்ரங்குப் பெட்டியைத் தூக்க வரவில்லை. அவனே ஒரு பக்கம் பிடித்தான். மறுபக்கம் நஸ்ருதீன் போய்ப் பிடித்தார். நூர்னிசா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இருவரும் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். அவள் பின்னாலேயே போனாள்.

ரயில்பெட்டிக்குள் ஏறியதும் அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். "அக்கா, நான் வந்ததுமே சொல்லியிருக்கணும்."

"ஆமா. சொல்லியிருக்கணும்" என்றாள். சமாதானமாகச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. "திரும்பிப் பாக்காமப் போனீயளே தம்பி."

"பயந்துட்டேன்க்கா. குண்டு விழுற எடத்துக்குப் போறேன், அதுக்கு இம்புட்டுப் பயம் வரல. இந்த ஊருக்குத்தான் பயந்தேன்."

ரயில் நகர்ந்தது. அவன் கை அசைத்தான். நஸ்ருதீனும் அசைத்தார். நூர்னிசா அசைக்கவில்லை. நல்லபடியாகப் போய் வரவேண்டும் என்று மனசுக்குள் ஓதினாள். அது வேறு, இது வேறு.

வெளியே வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. போலீஸ் ஜீப் நின்றது. சப்இன்ஸ்பெக்டர் இறங்கி வந்து, "பாய், உங்களை மேல ஏத்திவிட்டு ஏணிய எடுத்துட்டாங்களாமே? யாரு? பேரச் சொல்லுங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். நல்ல மனுஷராகத்தான் கேட்டார். கொஞ்ச தூரத்தில் சிவபாண்டியும் கம்பை ஆட்டினவனும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

நூர்னிசா வாயைத் திறந்தாள். நஸ்ருதீன் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஒன்னும் இல்ல சார். ஏணி சறுக்கி விழுந்துட்டு. தம்பிகதான் எடுத்துக் குடுத்தாங்க."

சப்இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். சிவபாண்டி பக்கத்தில் வந்து, "பாய், மனசுல ஒன்னும் வச்சிக்கிடாதிய, என்னமோ ஒரு ஆத்திரம்" என்று முணுமுணுத்தான். நஸ்ருதீன் தலையை ஆட்டினார்.

ஸ்கூட்டியின் பக்கம் போனதும் நூர்னிசா வெடித்தாள். "கண்ணு முன்னால நிக்கானுவ. பேர் தெரியும், வீடு தெரியும். ஏன் சொல்லல? கொல்லப் பாத்தானுவளே உங்கள! ஏன் சொல்லல?"

நஸ்ருதீன் ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"நாளைக்கு நான் மேல ஏறும்போது கீழ நிக்கப் போறது யாரு நூரு?" என்றார். "இவங்கதானே."